வாசகர் கேள்வி–பதில்: ரெட்டைப் புள்ளைங்களும் ஒரு எக்ஸெல் ஷீட்டும்

போன மாசப் பதில்ல ரெட்டைப் புள்ளைங்களைப் பத்தி போறபோக்குல ஒரு வரி எழுதினேன், அவ்ளோதான், இந்த மாசம் வந்த கடிதாசு மெயில் எல்லாம் அதைச் சுத்தியே வந்திருக்கு. அதுல மொத கேள்வி என்னை நாலு நாள் விடல, பழைய நோட்டெல்லாம் எடுத்து வச்சு உக்காந்துட்டேன். அதனால அதுக்கு எடம் ஜாஸ்தி போயிடுச்சு, மத்தவங்க கோவிச்சுக்காதீங்க.

மேடம், நான் எம்.ஏ. ஹிஸ்டரி படிக்கறேன். ரெண்டு மாச ரிசர்ச் இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. மிடீவல் காலத்துல ரெட்டைப் புள்ளைங்களை எப்படிப் பாத்தாங்கங்கறதுதான் ப்ராஜெக்ட். புக்ஸ் படிச்சு எக்ஸெல் ஷீட்ல என்ட்ரி போடணும். அதுல 'நல்லதா பாத்தாங்களா, கெட்டதா பாத்தாங்களா'ன்னு ஒரு கட்டம் இருக்கு, பாதிக்கு மேல எதுல போடறதுன்னே தெரியல. நானே ஒரு ட்வின், தம்பி ஐ.டி. கம்பெனில இன்டர்ன்ஷிப் பண்றான், அவனுக்கு நல்ல ஸ்டைபண்டு. அப்பா தினமும் கேக்கறார், இதைப் படிச்சு என்ன ஆகப் போகுதுன்னு. என்ன சொல்லட்டும்?
— மாணவி, மர்ஃபி டவுன்

கண்ணு, உன் குழப்பம் உன் தப்பு இல்ல, அந்தக் கட்டம்தான் சரியில்ல. மிடீவல்னு ஐரோப்பாக் கணக்குல சொல்றது ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டுலேருந்து 15ஆம் நூற்றாண்டு வரைக்கும், ஆயிரம் வருஷம். ஆயிரம் வருஷத்து ஜனங்க ஒரு விஷயத்தை ஒரே மாதிரி நெனச்சிருப்பாங்களா? உங்க தெருவுல நாலு வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலே நாலு பதில் வரும்.

உன் லிஸ்ட்ல கண்டிப்பா மரீ த பிரான்ஸ் இருப்பாங்க, 12ஆம் நூற்றாண்டுல பிரெஞ்சுல கதைப்பாட்டு எழுதின பொம்பளை. அவங்களோட 'லெ ஃப்ரேன்' கதைய எல்லாரும் 'அந்தக் காலத்துல ரெட்டை பொறந்தா அம்மா நடத்தை கெட்டவன்னு நெனச்சாங்க'ங்கறதுக்கு சாட்சியா எடுத்து வைப்பாங்க. கதை இதுதான். பக்கத்து வீட்டு வீரனுக்கு ரெட்டை ஆம்பளப் புள்ளைங்க பொறக்குது, சந்தோஷ சேதி சொல்ல ஆள் அனுப்பறான், இங்க சாப்பாட்டு மேஜைல உக்காந்திருந்த எஜமானி எல்லார் முன்னாடியும் சிரிச்சிக்கிட்டே, ரெண்டு ஆம்பளைங்களோட இருந்தாத்தானே ஒரே பிரசவத்துல ரெண்டு வரும்னு சொல்லிடறா. அந்தப் பேச்சு ஊர் பூரா பரவி, அங்க புள்ள பெத்தவளோட புருஷன் அவளை சந்தேகப்பட்டு, வெறுத்து, காவல்ல வைக்கற அளவுக்குப் போயிடுது. அதே வருஷம் பேசினவளுக்கே ரெட்டைப் பொண்ணு பொறக்குது. தன் வாயாலயே தன்னைக் கெடுத்துக்கிட்டோமேன்னு பயந்துபோய் ஒண்ணைக் கொன்னுடலாம்னு வரைக்கும் நெனைக்கறா, கூட இருந்த பொம்பளைங்க விடல, ஒரு வேலைக்காரப் பொண்ணு குழந்தைய ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டுப் போய் ஒரு மடத்து வாசல்ல இருக்கற ஆஷ் மரத்துக் கெளைல வச்சிட்டு வரா. கான்ஸ்டான்டிநோபிள்லேருந்து வந்த பட்டுல சுத்தி, கைல ஒரு தங்க மோதிரத்தைக் கட்டி வச்சிருக்காங்க. அந்த மரத்தோட பேரே குழந்தைக்கு வந்துடுது, பிற்பாடு அந்தப் பட்டையும் மோதிரத்தையும் வச்சுத்தான் அம்மா பொண்ணை அடையாளம் கண்டுபிடிக்கறா.

இதை 'கெட்டது' கட்டத்துல போட்டுட்டு நகர்ந்துடலாம்தான். ஆனா அந்தப் பாட்டை மெதுவா படி. மேஜைல அவ அப்படிச் சொன்ன உடனே அவ புருஷனே, அப்படிப் பேசாதே, அந்தம்மா நல்ல பேரு உள்ளவங்கன்னு அடக்கறான். அந்தப் பேச்சைக் கேட்ட பொம்பளைங்க, ஏழையோ பணக்காரியோ, எல்லாரும் பேசினவளைத்தான் வெறுத்தாங்கன்னு மரீ எழுதறாங்க. அப்ப 12ஆம் நூற்றாண்டோட கருத்து எது, பழி சொன்னவளோடதா, புருஷனோடதா, அந்த ஊர்ப் பொம்பளைங்களோடதா? மூணுமே இருக்கு, ஒரே பக்கத்துல இருக்கு. அதுக்குத்தான் சொல்றேன், உன் ஷீட்ல ஒரு கட்டத்தைச் சேத்துக்கோ, 'யார் பேசறா'ன்னு. அப்புறம் இன்னொண்ணு, எனக்கு இதுதான் முக்கியம், 'பெத்தவளுக்கு என்ன ஆச்சு'ன்னு ஒரு கட்டம். இது ரெண்டையும் நிரப்பிட்டா நல்லதா கெட்டதாங்கற கேள்வி தானா சின்னதாயிடும்.

அந்தப் பழி எங்கேருந்து வந்துச்சுன்னும் பாரு, அது மிடீவல் ஜனங்க கண்டுபிடிச்சது இல்ல. அரிஸ்டாட்டில்லயே இருக்கு, ஒரு பொண்ணுக்குப் பொறந்த ரெட்டைல ஒண்ணு புருஷன் ஜாடை, இன்னொண்ணு கள்ளக் காதலன் ஜாடைன்னு எழுதிருக்கார், கூடவே கிரேக்கப் புராணத்து ஹெராக்ளீஸ், இஃபிக்ளீஸ் கதை, ஒரே வயிறு, ஒருத்தனுக்கு அப்பா கடவுள், இன்னொருத்தனுக்கு மனுஷன். ரோமாபுரிக்காரர் பிளினியும் இதையே எழுதினார். படிச்சவங்க சொன்ன விஷயம் மெதுவா எறங்கி வந்து விருந்து மேஜைல ஒருத்தி வாய்ல வம்பா முடியுது. நம்ம ஊர்லயும் பல விஷயம் இப்படித்தான் எறங்கி வருது.

இதே ஜனங்கதான் கோஸ்மாஸ், டாமியன்னு ரெட்டை டாக்டர் புனிதர்களைக் கும்பிட்டாங்க, காசு வாங்காம வைத்தியம் பாத்தவங்கன்னு. நம்மகிட்ட அஸ்வினி தேவர்கள் ரெட்டை, அவங்களும் வைத்தியர்கள், அவங்க கொடுத்த புள்ளைங்கதான் நகுலனும் சகாதேவனும். ஆதிபர்வத்துல அந்த எடத்தைத் திரும்பப் படிச்சுப் பாரு, ஒரே மந்திரத்துல மாத்ரி ரெண்டு புள்ள வாங்கிட்டான்னு குந்திக்கு மனசு ஆறல, அவ என்னை ஏமாத்திட்டா, இனிமே அவளுக்கு மந்திரம் தர மாட்டேன்னு பாண்டுகிட்ட சொல்லிடறா. அங்கயும் ஒரு அம்மாவுக்கு ரெண்டு வந்தது இன்னொரு அம்மாவுக்கு உறுத்துது பாத்தியா.

ஒட்டிப் பொறந்தவங்களைப் பத்தி வர்றப்ப கொஞ்சம் நின்னு படி. 10ஆம் நூற்றாண்டுல கான்ஸ்டான்டிநோபிளுக்கு ஒட்டிப் பொறந்த ரெண்டு ஆம்பளைங்க வந்தாங்க, அபசகுனம்னு ஊரை விட்டுத் துரத்தினாங்க, ராஜா மாறினப்புறம் திரும்பி வந்தாங்க, அதுல ஒருத்தர் செத்துப்போக வைத்தியர்ங்க மத்தவரைப் பிரிச்சுக் காப்பாத்தப் பாத்தாங்க, மூணு நாள்தான் உயிரோட இருந்தார். இதை அறுத்துப் பிரிக்கற படத்தோட ஒரு கிரேக்கக் கையெழுத்துப் பிரதில பாக்கலாம், ஸ்கைலிட்ஸீஸ் எழுதின சரித்திரம், பிரதி இப்ப மாட்ரிட்ல இருக்கு. அதே நூற்றாண்டுல லியோங்கற சர்ச் டீக்கன் (பாதிரியாருக்கு அடுத்த படி), அந்த மாதிரி ஒட்டினபடி இருந்த ரெண்டு பேரைத் தானே நேர்ல பாத்ததா எழுதறார், அவர் எழுத்துல அபசகுனம் இல்ல, அவங்க பேச்சு எவ்ளோ இனிமை, குணம் எவ்ளோ நல்லதுன்னுதான் இருக்கு. துரத்தின அதிகாரியும் பேசிப் பழகின மனுஷனும் ஒரே காலத்துக்காரங்க.

இப்ப நம்ம பக்கம் வா. உன் ப்ராஜெக்ட் ஐரோப்பா மட்டும்தான்னாலும் பக்கத்துல வச்சுப் பாக்கறதுல தப்பில்ல, பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு சிரவணபெளகொளாவ விட்டுட முடியுமா. மரீ எழுதின அதே 12ஆம் நூற்றாண்டுல குஜராத்துல ஹேமச்சந்திரர்னு ஜைன ஆச்சாரியார் 63 மகாபுருஷர்களோட சரித்திரத்தை எழுதறார். அதுல ஆதிகாலத்துல எல்லாருமே ஒரு ஆண் ஒரு பெண்ணுன்னு ரெட்டையாத்தான் பொறப்பாங்க, சேந்தே வாழ்வாங்க, அதுதான் இயல்பு. ஒருநாள் பனம்பழம் தலைல விழுந்து ஒரு ரெட்டைல ஆம்பளப் புள்ள செத்துப்போகுது, அகாலச் சாவுன்னா அதுதான் மொதத் தடவை, அந்தப் பொண்ணு தனியா நிக்கறா, ஜனங்களுக்கு என்ன பண்றதுன்னே தெரியல, தனியா ஒருத்தரை அவங்க பாத்ததே இல்ல. அவதான் சுனந்தை, அவளை ஜைனர்களோட மொத தீர்த்தங்கரர் ரிஷபநாதருக்குக் கட்டி வைக்கறாங்க, அவளுக்குப் பொறக்கற ரெட்டைதான் பாகுபலியும் சுந்தரியும், இன்னொரு மனைவிக்கு பரதனும் பிராமியும். சிரவணபெளகொளாவுல 57 அடிக்கு தனியா நிக்கறாரே, அந்த பாகுபலி இந்த மரபுல ஒரு ட்வின், உன்ன மாதிரியே கூடப் பொறந்தது எதிர்ப் பால். அங்க ஒரு புஸ்தகத்துல ரெட்டைங்கறது மறைக்க வேண்டிய அவமானம், இங்க ஒரு புஸ்தகத்துல ஒத்தையா நிக்கறதுதான் ஜனங்களுக்குத் திகைப்பு. ரெண்டும் ஒரே நூற்றாண்டு! இதை நான் மொதல்ல கவனிச்சப்ப புஸ்தகத்தை மூடிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

அதுக்காக நம்ம ஊர்ல எல்லாம் நல்லபடியாத்தான் பாத்தாங்கன்னு எழுதிடாத. மாடு, எருமை, குதிரை, யானை ரெட்டை போட்டாலும், பொம்பளைங்களுக்கு ஒரே பிரசவத்துல ரெண்டு மூணு பொறந்தாலும் கெடுதின்னு வராகமிஹிரர் பிருஹத் சம்ஹிதைல எழுதறார், அதுக்கும் ரொம்ப முந்தி அதர்வ வேதத்துல பசு ரெட்டை ஈன்றா பரிகார மந்திரமே இருக்கு. அங்க மிருகத்துக்கு மட்டும் சொன்னதை மனுஷங்களுக்குச் சொன்னதா ஷீட்ல ஏத்திடாத, இந்தத் தப்பு ரொம்ப சகஜம். வைத்திய நூல்ல சரகர் வாயு கருவை ரெண்டாப் பிரிக்குதுன்னு சொல்றார், சுஸ்ருதர் அதையே சொல்லிட்டு கூடவே அதர்மத்தையும் சேத்துடறார். நம்ம திருமூலர் கர்ப்பத்தைப் பத்திப் பாடற எடத்துல "குழவியும் இரண்டாம் அபானன் எதிர்க்கில்"னு ஒரே வரில முடிச்சுட்டார், அபான வாயு எதிர்த்தா ரெண்டு, அவ்ளோதான், அம்மா மேல ஒரு பழியும் இல்ல. அதே பாட்டுல வலப் பக்கம்னா ஆண், இடப் பக்கம்னா பெண்ணுன்னும் வருது. ஐரோப்பா வைத்தியர்ங்க கர்ப்பப்பைல ஏழு அறை இருக்கு, வலது மூணு ஆணுக்கு, இடது மூணு பெண்ணுக்கு, நடுவுல ஒண்ணு ரெண்டுங்கெட்டானுக்குன்னு எழுதி வச்சிருந்தாங்க. வலது ஆண், இடது பெண்! யார்கிட்டேருந்து யார் வாங்கினாங்கன்னு அவசரப்பட்டு எழுதிடாத, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வை, போதும்.

வேலை எப்படிப் பண்ணணும்னா, ஒவ்வொரு என்ட்ரிலயும் மூல நூல் பேரு, அத்தியாயம், எந்த மொழிபெயர்ப்பு, பக்கம், இது நாலும் இல்லாம என்டர் தட்டாத. 'ட்வின்'ங்கற வார்த்தைய மட்டும் தேடினா பாதி கெடைக்காது, பிரசவம், மருத்துவச்சி, வாரிசு, ஞானஸ்நானம்னும் தேடு. புனித அகஸ்டின் மாதிரி பழைய சர்ச் ஆளுங்க எழுத்தெல்லாம் பென்சன் டவுன்ல இருக்கற யுனைடெட் தியாலஜிகல் காலேஜ் லைப்ரரில பாக்கலாம், உங்க டிபார்ட்மெண்ட் லெட்டர் ஒண்ணு கைல வச்சுக்கோ. நம்ம பக்கத்து நூலுக்கு நிருபதுங்கா ரோட்ல மிதிக் சொசைட்டி, 1909ல ஆரம்பிச்சது. நெட்ல ஃபோர்டாம் யுனிவர்சிட்டியோட மிடீவல் சோர்ஸ்புக் இலவசம், திருமந்திரம் மதுரைத் திட்டத்துல இருக்கு.

அப்பாவுக்கு என்ன சொல்றதுன்னு கேட்ட. இதனால நேரா ஒரு வேலை கிடைக்கும்னு பொய் சொல்லாத. ஆனா ஒரு சிதறிக் கெடக்கற விஷயத்தை எடுத்து, எது யார் சொன்னது, எது எங்கேருந்து வந்ததுன்னு பிரிச்சு, அடுத்த ஆள் சரிபாக்கற மாதிரி அடுக்கி வைக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி, ரெண்டு மாசத்துல நீ அதைக் கத்துக்கிட்டு வருவ, உன் தீசிஸுக்கும் பி.எச்டி. அப்ளிகேஷனுக்கும் இந்த ஷீட்டையே காட்டலாம். அப்பாவை ஒருநாள் பக்கத்துல உக்கார வச்சு அந்த ஆஷ் மரத்துக் கதையச் சொல்லு, ரெட்டைப் புள்ள பெத்த வீட்டுக்காரர் அவர், உனக்கும் எனக்கும் தெரியாத நாலு விஷயம் அவர் வாய்லேருந்து வரும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன். வேலை ஆரம்பிக்கறதுக்கு முந்தியே சர்டிபிகேட் உண்டா, போக்குவரத்துச் செலவு உண்டா, கட்டுரை வந்தா உன் பேரு வருமான்னு மெயில்ல கேட்டு பதில் வாங்கி வை. நான் படிக்கறப்ப ஆறு மாசம் ஒரு பேராசிரியருக்குக் கல்வெட்டுப் படிகளைக் கையால எழுதிக் கொடுத்தேன், புஸ்தகம் வந்தப்ப நன்றிங்கற பக்கத்துல கூட என் பேரு இல்ல. இன்னிக்கும் அந்தப் புஸ்தகத்தைப் பாத்தா மனசு வலிக்குது. நீ கேட்டுடு, கேக்கறதுல மரியாதைக் குறைச்சல் எதுவும் இல்ல.

எனக்கு நாலு வயசுல ரெட்டைப் பசங்க. முதல்ல வந்தவனை நாங்க பெரியவன்னு சொல்றோம், ஆனா என் மாமியார் ரெண்டாவதா வந்தவன்தான் பெரியவன், அவன்தான் மொதல்ல வயித்துல தங்கினவன்னு சொல்றாங்க. இது எங்கயாவது எழுதிருக்கா, இல்ல சும்மா சொல்றாங்களா?
— ஒரு அம்மா, கே.ஆர்.புரம்

உங்க மாமியார் சும்மா சொல்லலம்மா, பழைய பேச்சு அது. பாகவதத்துல மூணாவது ஸ்கந்தத்துல இரணியகசிபு, இரணியாட்சன் பொறப்பு வருது, மொதல்ல கருவானவன் இரணியகசிபு, மொதல்ல வெளிய வந்தவன் இரணியாட்சன்னு பிரிச்சுச் சொல்லிருக்கு, உரை எழுதினவங்க மொதல்ல உள்ள போனது கடைசில வரும்னு வெளக்கம் கொடுத்தாங்க, அதனால இரணியகசிபுதான் அண்ணன். இந்தப் பக்கம் மனு ஒன்பதாம் அத்தியாயத்துல, ரெட்டைனா யார் மொதல்ல பொறந்தாங்களோ அவங்கதான் மூத்தவங்கன்னு நேராச் சொல்லிட்டார். ரெண்டுமே நம்ம நூல்தான், ஆளுக்கு ஒண்ணு.

பைபிள்ல இன்னும் சிக்கலா ஒண்ணு இருக்கு. தாமாருக்குப் பிரசவ வலி, ஒரு குழந்தையோட கை மட்டும் வெளிய வருது, மருத்துவச்சி டக்குன்னு அதுல சிவப்பு நூலைக் கட்டி இதுதான் மொதல்ங்கறா, கை உள்ள போயிடுது, இன்னொண்ணு முந்திக்கிட்டு வந்துடுது. அந்த நூல் எனக்கு மனசுல அப்படியே நிக்கும், ஏன்னா எங்க அத்தைக்கு அல்சூர்ல வீட்லயே ரெட்டை பொறந்தப்ப வந்த மருத்துவச்சிப் பாட்டி, மொதல்ல வந்தவன் வலது கால்ல மஞ்சள் தடவின நூலை ரெண்டு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டாங்க, நான் வாசப்படில நின்னு பாத்தேன். பதினோராம் நாள் குளிப்பாட்டறப்ப நூல் ஊறிப்போய் கழண்டு விழுந்துடுச்சு, வீட்ல எல்லாரும் கொழந்தைங்களை இப்படியும் அப்படியும் புரட்டிப் பாத்துத் தடுமாற, அத்தை படுத்த எடத்துலேருந்தே "இடது காது மடிஞ்சிருக்கு பாருங்க, அவன்தான் மொதல்ல வந்தவன்"ன்னாங்க. முடிஞ்சுது. சாட்சி யாருன்னு பாத்தீங்களா, மருத்துவச்சியும் பெத்தவளும்தான், எல்லா ஊர்லயும் எல்லாக் காலத்துலயும்.

சொத்து இருக்கற வீட்லதான் இந்தக் கேள்வி கடுமையா இருந்துச்சு. 1104ல பொறந்த போமான்ட் வீட்டு ரெட்டைங்க வாலரன், ராபர்ட்டு, அப்பா செத்தப்புறம் வாலரனுக்கு நார்மண்டி நெலம், ராபர்ட்டுக்கு இங்கிலாந்து நெலம்னு பிரிஞ்சுது. ரெண்டு பேரும் இங்கிலாந்து ராஜா முதலாம் ஹென்றி அரண்மனைல வளந்தவங்க, 15 வயசுலயே போப்போட வந்த கர்தினால்களோட வாதம் பண்ணி அசத்தினாங்களாம். பார்சிலோனால கதை வேற. அங்க அப்பா ரெட்டைங்க ரெண்டு பேரும் சேந்தே ஆளணும்னு எழுதி வச்சிட்டு 1076ல போயிட்டார், 1082ல வேட்டைக்குப் போன எடத்துல ஒருத்தரை யாரோ கொன்னுட்டாங்க, மத்தவருக்கு 'கூடப்பொறந்தவனைக் கொன்னவன்'னு சரித்திரத்துல பேரே நின்னுடுச்சு.

உங்க வீட்ல அப்படி ஒண்ணும் பிரச்னை இல்லயே. பர்த் சர்டிபிகேட்ல இருக்கற நேரத்தை வச்சுக்கோங்க. மாமியார்கிட்ட பாகவதத்துல அந்த எடத்தை எடுத்துக் காட்டுங்க, தான் சொன்னது எழுத்துல இருக்குன்னு தெரிஞ்சா சந்தோஷப்படுவாங்க.

எங்க அண்ணன் பொண்ணுங்க ரெட்டை, மூணு நிமிஷ வித்தியாசம், ஒரே ராசி ஒரே லக்னம். ஒருத்தி டாக்டர், இன்னொருத்தி படிப்பை விட்டுட்டா. ஜாதகம் ஒண்ணா இருந்தும் ஏன் இப்படி?
— ரிட்டையர்டு வாசகர், ஜாலஹள்ளி

சார், இந்தக் கேள்விய 1600 வருஷத்துக்கு முந்தியே ஒருத்தர் விடாம கேட்டிருக்கார், புனித அகஸ்டின். 'கடவுளின் நகரம்' அஞ்சாவது புஸ்தகத்துல பக்கம் பக்கமா இதுதான், ஐரோப்பா முழுக்க ஆயிரம் வருஷம் அதைப் படிச்சாங்க. நிகிடியஸ்னு ஒரு ரோமாபுரி ஜோசியரை இதே கேள்வி கேட்டு மடக்கினாங்களாம், அவர் ஒரு குயவர் சக்கரத்தை வேகமா சுத்திவிட்டு, சுத்தறப்பவே மையைத் தொட்டு டக் டக்னு ரெண்டு தடவை ஒரே எடத்துல வச்சார், சக்கரம் நின்னதும் பாத்தா ரெண்டு புள்ளியும் எங்கயோ எங்கயோ இருக்கு, வானம் இதை விட வேகமா சுத்துது, அதான் கொஞ்ச நேரத்துலயே எல்லாம் மாறிடுதுன்னார். நம்ம ஜோசியர்ங்க லக்னம் ரெண்டு மணி நேரம் நின்னாலும் நவாம்சம் பதிமூணு பதினாலு நிமிஷத்துல மாறிடும்னு சொல்றாங்களே, அதே வாதம்தான். அகஸ்டின் விடல. அவ்ளோ சின்ன இடைவெளி அவ்ளோ பெரிய வித்தியாசம் பண்ணும்னா, அதை அளக்கவே முடியாத நீங்க மத்தவங்களுக்கு எப்படிப் பலன் சொல்றீங்கன்னு திருப்பிக் கேட்டார்.

அவருக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் தங்கை ரெட்டையையும் எடுத்துச் சொல்றார், அவர் பெரிய அதிகாரி, எப்பவும் ஊர் ஊராப் போறவர், நெறைய புள்ளைங்க, அந்தம்மா சொந்த ஊரைத் தாண்டாத கன்னியாஸ்திரி. ஹிப்போகிரட்டீஸ் பத்தியும் ஒரு விஷயம் வருது, ரெண்டு சகோதரங்களுக்கு ஒரே சமயத்துல நோய் வந்து, ஒரே சமயத்துல ஏறி, ஒரே சமயத்துல எறங்கினதைப் பாத்து இவங்க ரெட்டையா இருப்பாங்கன்னு அவர் ஊகிச்சாராம். ஜோசியத்துல நம்பிக்கை உள்ள தத்துவக்காரர் ஒருத்தர் அது நட்சத்திரம்னார், அகஸ்டின் வைத்தியர் பக்கம் நிக்கறார், ஒரே அப்பா அம்மா, ஒரே சாப்பாடு, ஒரே தண்ணி, ஒரே காத்துன்னு.

நானும் வைத்தியர் பக்கம்தான் சார். ஆனா உங்க கேள்வில என்னை உறுத்தினது ஜாதகம் இல்ல, அந்த ரெண்டாவது பொண்ணு. படிப்பை ஏன் விட்டான்னு அவளை யாராவது தனியா உக்கார வச்சுக் கேட்டீங்களா? அக்காவோட ஒப்பிடாம, அவளை மட்டும்? அவளுக்கு சித்தப்பா, வீட்ல பெரியவர் நீங்க, நீங்களே கேட்டா அவ பதில் சொல்லுவா.

இரட்டைப் புலவர்கள் ஒட்டிப் பொறந்தவங்களா? பையன் ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு வேணும்.
— வாசகி, தாமஸ் டவுன்

இல்லம்மா. அவங்க ரெட்டைப் புள்ளைங்களே இல்ல, அத்தை மகன் மாமன் மகன். ஒருத்தருக்குக் கால் இல்ல, ஒருத்தருக்குக் கண் இல்ல, ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறிக்கிட்டு ஊர் ஊராப் போய் ஆளுக்குப் பாதியா வெண்பா பாடினதால அந்தப் பேரு. தில்லைக் கலம்பகம் அவங்க பாடினது, பையனை அதையும் எழுதச் சொல்லுங்க. நெஜமா ரெட்டைங்கற பேரு வேணும்னா உங்க ஏரியா பேர்லயே இருக்கு, தாமஸ், தோமான்னாலே அரமேயிக் மொழில ரெட்டைன்னு அர்த்தம். தமிழ் பைபிள்ல 'திதிமு என்னப்பட்ட தோமா'ன்னு வரும், திதிமுவும் கிரேக்கத்துல ரெட்டைதான். நம்ம பரங்கிமலைத் தோமையாரேதான்.

நான் ஏழு மாசம். ரஸ்ஸல் மார்க்கெட்ல வாங்கின சீப்புல ஒட்டின ரெட்டை வாழைப்பழம் இருந்துச்சு, அம்மா சாப்பிடக் கூடாதுன்னு தூக்கி வச்சிட்டாங்க. ஸ்கேன்ல ஒண்ணுதான்னு சொல்லியாச்சு. சாப்பிடலாமா?
— சிவாஜிநகர்

தாராளமா சாப்பிடும்மா. வயித்துல ஒண்ணா ரெண்டாங்கறது மொத ஒண்ணு ரெண்டு வாரத்துலயே முடிவாகிப் போற விஷயம், ஏழாம் மாசத்துப் பழம் அதை ஒண்ணும் பண்ணாது. அம்மா பயத்துல சொல்லல, நீ ரெண்டு புள்ளையத் தூக்கிக் கஷ்டப்படக் கூடாதேன்னு சொல்றாங்க, அந்தக் காலத்துல ரெட்டைப் பிரசவத்துல பொழைச்சு வர்றது எவ்ளோ பெரிய விஷயம்னு அவங்க அம்மா சொல்லிக் கேட்டு வளந்திருப்பாங்க. அதனால சண்டை போடாத. பழத்தை ரெண்டாப் பிரிச்சு ஒண்ணை அம்மா கைல கொடு, இன்னொண்ணை நீ சாப்பிடு.